கிரே டாகரா, டார்க் டாகரா? புழுவைப் பாருங்கள்

கிரே டாகர், டார்க் டாகர் இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும் அந்துப்பூச்சி இனங்கள். இங்கிலாந்தின் நார்ஃபோக் கவுன்டியில் (மாவட்டம்) கோடை இரவுகளில் விளக்குப்பொறி, அதாவது ஒளியால் பூச்சிகளை ஈர்த்துப் பிடிக்கும் கூண்டு, வைத்தால் இந்தக் குழப்பம் வந்தே தீரும். சாம்பல் நிற இறக்கை, அதன் ஓரத்தில் குத்துவாள் போல ஒரு கருங்கோடு. கிரே டாகரா, டார்க் டாகரா? கொஞ்சம் கருத்திருக்கிறதே என்று டார்க் டாகர் எனப் பதிந்துவிடாதீர்கள். நிறத்தை நம்பவே கூடாது. வளர்ந்த பூச்சியின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். அதைச் செய்யவில்லையா? 'கிரே டாகர் / டார்க் டாகர்' என்று சேர்த்தே பதியுங்கள். அதுதான் நேர்மையான பதிவு.

பூச்சியைக் கொல்லாமல் இனம் பிரிக்க எனக்குப் பிடித்த வழி, புழுவைத் தேடுவது. ஆகஸ்ட், செப்டம்பரில் ஹாதார்ன் என்ற முட்செடி வேலிகளிலும் ஆப்பிள் மரங்களிலும் பாருங்கள். கிரே டாகர் புழுவின் முதுகில் பளிச்சென்று அகலமான மஞ்சள் பட்டை ஓடும். முன்பக்கம் கொம்பு மாதிரி நீண்ட கரும்புடைப்பு நிமிர்ந்து நிற்கும். டார்க் டாகருக்கு அந்தப் புடைப்பு குட்டை. முதுகுப் பட்டையில் ஆரஞ்சும் வெள்ளையும் கலந்திருக்கும். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என இரண்டு படம் எடுங்கள். பக்கவாட்டுப் படம் இல்லாவிட்டால் புடைப்பின் உயரம் தெரியாது.

அப்புறம் தேதி, இடத்தின் கிரிட் எண் (வரைபடக் கட்டத்தில் இடத்தைக் காட்டும் எண்), எண்ணிக்கை, பார்த்தவர் பெயர் ஆகியவற்றையும் பதியுங்கள். 'புழு' என்று மறக்காமல் குறிப்பிடுங்கள். இனப் பெயரை ஏற்கலாமா என்று கவுன்டி பதிவாளர் (அந்தக் கவுன்டியின் பூச்சிப் பதிவுகளைச் சரிபார்ப்பவர்) முடிவு செய்ய அது முக்கியம். நார்ஃபோக் பதிவுகள் கிழக்கு நார்ஃபோக் (பிரிவு எண் 27), மேற்கு நார்ஃபோக் (பிரிவு எண் 28) என இரு பிரிவாகப் போகும். கிரிட் எண் சரியாக இருந்தால் குழப்பம் வராது.