தாழப் பறக்கும் விமானம் பற்றிப் புகார் எழுதுவது எப்படி

கூரையை உரசுவதுபோல ஒரு விமானம் இரைந்துகொண்டு போகும்போது நெஞ்சு பதறுவதும், தூங்கும் குழந்தை திடுக்கிட்டு எழுவதும் சிறிய விஷயங்கள் அல்ல. ஆனால் புகாரை வாங்கிப் படிக்கும் அதிகாரியால் அந்தப் பதற்றத்தை அளந்து பார்க்க முடியாது. எந்த விமானம், எத்தனை மணிக்கு, என்ன உயரத்தில் பறந்தது என்பதைத்தான் அவர் தேடுவார். "மிகத் தாழ்வாகப் பறந்தது" என்று மட்டும் எழுதிய மனு கோப்பில் உறங்கிவிடும். உயரத்தையும் அதைக் கணித்த முறையையும் சொல்லும் மனுவுக்கு அவர் பதில் சொல்லியே ஆக வேண்டியிருக்கும்.

முதலில் விதி என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்துக்கான 1944ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பு, கண்பார்வையை நம்பிப் பறக்கும் விமானங்களுக்குக் குறைந்தபட்ச உயரத்தை வரையறுக்கிறது. நகரம், குடியிருப்பு, மக்கள் திறந்தவெளியில் கூடியிருக்கும் இடம் ஆகியவற்றின் மேல் பறக்கும்போது, விமானத்தைச் சுற்றி 600 மீட்டர் ஆரத்துக்குள் உள்ள மிக உயரமான தடையைவிட 300 மீட்டர், அதாவது 1,000 அடி, மேலே இருக்க வேண்டும். மற்ற இடங்களில் தரையிலிருந்தோ நீர்ப்பரப்பிலிருந்தோ 150 மீட்டர், அதாவது 500 அடி, போதும். உங்கள் பகுதியில் 100 மீட்டர் உயரக் கட்டடம் ஒன்று இருந்தால், அதன் அருகே பறக்கும் விமானம் அந்தக் கட்டடத்தின் அடிநிலத்திலிருந்து 400 மீட்டர் உயரத்தில் இருந்தாக வேண்டும் என்று பொருள். பெரும்பாலான நாடுகளின் விதிகள் இதை அடியொற்றியே எழுதப்பட்டுள்ளன என்றாலும் வேறுபாடுகள் உண்டு. உதாரணமாக, அமெரிக்க விதி, தரையில் உள்ளவர்களுக்கு ஆபத்து விளையாதவரை ஹெலிகாப்டர்கள் இதைவிடத் தாழ்வாகப் பறக்க இடம் தருகிறது. ஆகவே புகார் எழுதும் முன் உங்கள் நாட்டின் விதியைப் படித்து, அதன் பிரிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

விதிவிலக்குகளை அறியாமல் எழுதிய புகார்கள் எளிதில் தள்ளுபடியாகிவிடும். மேலே ஏறும்போதும் தரையிறங்கும்போதும் இந்த உயர வரம்பு பொருந்தாது. பயணிகள் விமானங்கள் வழக்கமாக 3 டிகிரிச் சரிவில் இறங்குவதால், ஓடுபாதையிலிருந்து ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 52 மீட்டர் உயரம் கூடும். ஓடுபாதையின் நேர்கோட்டில் 5 கிலோமீட்டர் தொலைவில் வீடு இருந்தால், தலைக்கு மேலே ஏறத்தாழ 260 மீட்டரில் விமானம் போவது முறையான பறத்தலே. அங்கே உங்கள் குறை இரைச்சலைப் பற்றியதாகவே இருக்கும். அதை விமான நிலையத்தின் இரைச்சல் புகார்ப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். காற்றின் திசை மாறும்போது ஓடுபாதையின் எதிர்முனையைப் பயன்படுத்துவார்கள் என்பதால், சில வாரங்கள் அமைதியாக இருந்த தெரு திடீரென்று இரைச்சலுக்குள் விழுவதும் உண்டு. இராணுவம், சுங்கம், காவல் துறை ஆகியவற்றின் விமானங்கள் சிகாகோ உடன்படிக்கைக்கு உட்பட்டவை அல்ல. இராணுவ விமானம் என்றால் பாதுகாப்புத் துறைக்கே எழுத வேண்டும்.

இனி உயரத்தைக் கணிப்பது. கண் இங்கே நம்மை ஏமாற்றும்: பெரிய விமானம் உண்மையைவிடத் தாழ்வாகவும் மெதுவாகவும் போவதுபோலத் தோன்றும். அதனால் ஓர் அளவுகோலை எடுத்து, கண்ணிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, விமானம் நேர் தலைக்கு மேலே வரும்போது இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறுநுனி வரை எத்தனை சென்டிமீட்டர் என்று பாருங்கள். இறக்கையின் உண்மையான அகலத்தை மீட்டரில் எடுத்து, 60ஆல் பெருக்கி, அளந்த சென்டிமீட்டரால் வகுத்தால் உயரம் மீட்டரில் கிடைக்கும். செஸ்னா 172 போன்ற சிறு விமானத்தின் இறக்கை அகலம் 11 மீட்டர். அது அளவுகோலில் 2.2 சென்டிமீட்டர் இருந்தால் உயரம் 300 மீட்டர். அதே 2.2 சென்டிமீட்டர், 36 மீட்டர் இறக்கை கொண்ட போயிங் 737-800 ஆக இருந்தால், உயரம் ஏறத்தாழ 980 மீட்டர்! விமானத்தின் வகை தெரியாமல் உயரம் சொல்லக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் தேவையில்லை. விமானம் சாய்வாகத் தெரிந்தால் இந்தக் கணக்கு தொலைவைத்தான் தருமே தவிர உயரத்தைத் தராது.

விமானங்களைக் கண்காணிக்கும் செயலிகள் பெரிதும் உதவும், ஆனால் அவை காட்டும் எண்ணை அப்படியே எழுதிவிடாதீர்கள். அந்த உயரம் பொதுவாக 1013.25 ஹெக்டோபாஸ்கல் என்ற நிலையான காற்றழுத்தத்தை வைத்துக் கணக்கிடப்பட்டது. உங்கள் தரையிலிருந்து அளந்தது அல்ல. திரையில் 2,400 அடி என்று இருந்து, உங்கள் ஊர் கடல்மட்டத்திலிருந்து 900 அடி உயரத்தில் இருந்தால், தலைக்கு மேலே 1,500 அடிதான். அன்று கடல்மட்டக் காற்றழுத்தம் 10 ஹெக்டோபாஸ்கல் குறைவாக இருந்தால், மேலும் 300 அடி வரை கழிக்க வேண்டும். திரையின் படத்தை நேரத்தோடு சேமித்து வையுங்கள். சமிக்ஞை அனுப்பாத விமானங்கள் செயலியில் தெரியவே தெரியாது. அப்போது இடது இறக்கையின் அடியில் எழுதப்பட்டிருக்கும், 50 சென்டிமீட்டருக்குக் குறையாத உயரமுள்ள பதிவு எழுத்துகளை நிழற்படத்தில் பிடிக்க முயலுங்கள். லேசர் விளக்கை மட்டும் எக்காரணம் கொண்டும் விமானத்தை நோக்கிக் காட்டாதீர்கள். அது விமானியின் கண்ணை மறைத்து உயிர்ப்பலிக்கு வழிவகுக்கலாம்.

மனு, நாட்டின் சிவில் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்புக்குச் செல்ல வேண்டும். தாமதிக்காதீர்கள்: ரேடார் பதிவுகளைக் குறைந்தது 30 நாட்கள் வைத்திருக்க வேண்டும் என்பதே சர்வதேச விதி, அதற்குப் பிறகு அவை அழிக்கப்பட்டுவிடலாம். இப்படி எழுதலாம்:

"இன்ன தேதி காலை 10 மணி 42 நிமிடத்தில், மேலிறக்கை கொண்ட ஒற்றை எஞ்சின் விமானம் ஒன்று, செஸ்னா 172 போன்றது, மேற்கிலிருந்து கிழக்காக எங்கள் குடியிருப்பின் நேர்மேலே பறந்தது. கண்ணிலிருந்து 60 சென்டிமீட்டரில் பிடித்த அளவுகோலில் இறக்கை 4 சென்டிமீட்டர் இருந்தது. அதன்படி உயரம் 155 முதல் 175 மீட்டர் வரை இருக்கலாம். ஆறு நிமிடங்களுக்குள் அதே வழியில் இருமுறை திரும்பி வந்தது. அருகில் ஓடுபாதை இல்லை. நிழற்படம் இணைத்துள்ளேன். அந்த நேரத்து ரேடார் பதிவைப் பாதுகாத்து விசாரிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்."

ஒப்புகை எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். அதே விமானம் மீண்டும் வந்தால் புதிய மனுவில் அந்த எண்ணைச் சுட்டுங்கள். அண்டை வீட்டாரும் தாம் பார்த்ததைத் தம் சொற்களில், தம் கடிகார நேரத்தோடு, தனித்தனியாக எழுதட்டும். ஒரே வாசகத்தில் இருபது கையெழுத்துகள் இருப்பதைவிடத் தனித்தனியாகப் பார்த்து எழுதிய இரண்டு சாட்சியங்கள் விசாரணைக்குக் கூடுதலாக உதவும்.