க்ரூஸ் முடிந்து ஜேபிக்குப் போவது எப்படி? பெரிய குடும்பம், சின்ன செலவு

ஊரிலிருந்து சிங்கப்பூர் வரும் சொந்தக்காரர்களின் திட்டத்தில் இப்போதெல்லாம் க்ரூஸும் சேர்ந்துவிட்டது. மூன்று நாள் கடலில் சுற்றிவிட்டு இறங்கியதும் அடுத்து மலேசியா: ஜொகூர் பாரு (சுருக்கமாக ஜேபி), மலாக்கா, பத்துமலை முருகன். விமானம், கப்பல், ஓட்டல் எல்லாவற்றையும் பல மாதம் முன்பே போட்டு வைத்திருப்பார்கள். கப்பலிலிருந்து எல்லை தாண்டுவதற்கு மட்டும் "அங்கே போய் ஒரு வண்டி பிடிச்சுக்கலாம்" என்று விட்டிருப்பார்கள். எங்கள் வீட்டுக் கூட்டம் 9 பேர். அவர்களைக் கொண்டுபோய்ச் சேர்த்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன்.

கப்பல் வாசலில் ஏறி ஓட்டல் வாசலில் இறங்குகிற 'ஒரே வண்டி' யோசனையை முதலில் கைவிடுங்கள். செலவும் சிக்கலும் அதில்தான் இருக்கின்றன. பயணத்தை மூன்று துண்டாக வெட்டிக்கொள்ளுங்கள்: கப்பலிலிருந்து சிங்கப்பூரின் எல்லைப் பகுதியான உட்லண்ட்ஸ், உட்லண்ட்ஸிலிருந்து ஜேபி, அங்கிருந்து நீங்கள் தங்கப்போகும் ஊர்.

அந்த மலிவு வேன் வேண்டாம்

வாட்ஸ்அப் குழுக்களில் மலேசியப் பதிவெண் உள்ள ஏழு இருக்கை வண்டிகளுக்கு விளம்பரம் வரும். வீட்டு வாசலிலேயே ஏற்றி இறக்குவார்கள், பாஸ்போர்ட்டை நீட்டினால் போதும் என்பார்கள். உரிமம் இல்லாமல் இப்படிக் காசு வாங்கி ஆள் ஏற்றுவது சிங்கப்பூரில் குற்றம். ஓட்டுநருக்கு 3,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே கிடைக்கலாம், வண்டியும் பறிபோகலாம். 2025 ஜூலையிலிருந்து நிலப் போக்குவரத்து ஆணையம் இதில் கெடுபிடியைக் கூட்டியிருக்கிறது. தண்டனை ஓட்டுநருக்குத்தான், நமக்கென்ன என்று நினைக்கலாம். வண்டியைப் பிடித்துக்கொண்டு போனால் பெட்டிகளோடு நடுத்தெருவில் நிற்பது நாம்தான். விபத்து நடந்தால் காப்பீடு கைகொடுக்குமா என்பது அதைவிடப் பெரிய கவலை.

முறைப்படி உரிமம் பெற்ற மலேசிய டாக்சிகள் குவீன் ஸ்ட்ரீட் பக்கத்திலுள்ள பான் சான் ஸ்ட்ரீட் முனையத்தில் கிடைக்கும். ஒரு வண்டிக்கு 4 பேர். 9 பேர் என்றால் 3 வண்டி வேண்டும், செலவு பஸ்ஸைப் போலப் பல மடங்கு. இரு நாட்டு அனுமதியும் உள்ள மினி பஸ்ஸை நிறுவனத்திடம் முன்பதிவு செய்யலாம். 20 பேருக்கு மேல் இருந்தால் அது கட்டுப்படியாகும். நடுத்தரக் கூட்டத்துக்குப் பொதுப் போக்குவரத்துதான் என் தேர்வு.

படி 1: மலேசிய வருகை அட்டை

இந்தியக் குடிமக்கள் மலேசியாவுக்குள் விசா இல்லாமல் 30 நாள் வரை தங்கலாம். 2023 டிசம்பரில் வந்த இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் டிஜிட்டல் வருகை அட்டை, அதாவது எம்டிஏசி, கட்டாயம். மலேசியாவுக்குள் நுழைவதற்கு முந்தைய 3 நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். இதற்குக் கட்டணம் கிடையாது. காசு கேட்கும் தளம் கண்ணில் பட்டால் அது அரசாங்கத் தளம் அல்ல, மூடிவிடுங்கள்.

பலரும் இடறுகிற இடம் ஒன்று உண்டு. கப்பல் பினாங்கிலோ போர்ட் கிளாங்கிலோ நிற்கும் என்பதால் புறப்படுமுன் ஒருமுறை நிரப்பியிருப்பார்கள். அது அந்த நுழைவோடு சரி. தரைவழி போகும்போது புதிதாக இன்னொன்று வேண்டும். 3 நாள் கணக்குப்படி பார்த்தால் அதைப் பெரும்பாலும் கப்பலில் இருக்கும்போதுதான் நிரப்ப முடியும். கப்பல் வைஃபை விலையை நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள். ஒரே ஒருவர் இணைப்பு வாங்கி எல்லோருக்கும் நிரப்பிவிடலாம். பயண முறை என்ற இடத்தில் 'தரைவழி' என்பதைத் தேர்ந்தெடுங்கள். கடைசியாகப் புறப்பட்ட இடம் சிங்கப்பூர். வாகன எண் கேட்டால் ஏறப்போகும் பஸ்ஸின் எண்ணைப் போடுங்கள். ஓட்டல் முகவரியையும் அஞ்சல் குறியீட்டையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள், அங்கேதான் எல்லோரும் தேடிக்கொண்டிருப்பார்கள்.

கப்பல் திரும்பி வருவது சிங்கப்பூருக்குள் மறுபடி நுழைவதுதான். ஆகவே சிங்கப்பூர் வருகை அட்டையையும் மறுபடி நிரப்ப வேண்டும், விசாவும் பல முறை நுழைய அனுமதிப்பதாக இருக்க வேண்டும்.

படி 2: கப்பலை விட்டு இறங்குவது

கடைசி இரவு பெட்டிக்கு வண்ணச் சீட்டு தருவார்கள். அதைக் கட்டி வெளியே வைத்தால் மறுநாள் முனையத்தில் எடுத்துக்கொள்ளலாம். பெட்டியை நாமே உருட்டிக்கொண்டு போனால் முதல் ஆளாக இறங்கலாம். கூட்டத்தில் பெரியவர்கள் இருந்தால் அந்த அவசரம் வேண்டாம். எப்படியும் எல்லோரும் குடிநுழைவை (இமிக்ரேஷன்) தாண்டி வெளியே வரும்போது பத்து மணி ஆகிவிடும் என்று கணக்குப் போடுங்கள். அதற்கு முந்தைய எந்த டிக்கெட்டையும் வாங்காதீர்கள்.

படி 3: உட்லண்ட்ஸ் போவது

மெரினா பே க்ரூஸ் சென்டரில் இறங்கினால் அதிர்ஷ்டம். சற்று நடந்தால் மெரினா சவுத் பியர் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையம். சிவப்புப் பாதையின் முதல் நிலையம் அது, காலி ரயிலில் எல்லோருக்கும் இடம் கிடைக்கும். அதே ரயில் நேராக உட்லண்ட்ஸ் போகிறது, எங்கும் மாற வேண்டாம். இன்னொரு கப்பல் முனையமான ஹார்பர்ஃப்ரண்டில் இறங்கினால் ஊதாப் பாதையில் டோபி காட் வரை போய்ச் சிவப்புக்கு மாறுங்கள்.

ரயில் கட்டணத்துக்குத் தட்ட ஆளுக்கு ஒரு அட்டை வேண்டும். ஒரே அட்டையைத் தட்டித் தட்டி ஒன்பது பேரும் உள்ளே போக முடியாது. இந்திய வங்கி அட்டையானால் வெளிநாட்டில் தொடாமல் செலுத்தும் வசதியைச் செயலியில் இயக்கி வைத்திருக்க வேண்டும். வெளிநாட்டு அட்டையைப் பயன்படுத்தும் ஒவ்வொரு நாளுக்கும் 60 சிங்கப்பூர் காசு கூடுதலாகப் பிடிப்பார்கள். பெரியவர்களுக்கு ஈஸி லிங்க் என்ற பயண அட்டை வாங்கிக் கொடுத்துவிடுவதே எனக்குப் பிடித்த வழி.

படி 4: எல்லை

நிதானமாகப் படிக்க வேண்டியது இதைத்தான்.

உட்லண்ட்ஸ் எம்ஆர்டியோடு ஒட்டிய பேருந்து முனையத்தில் 950 எண் பஸ்ஸில் ஏறுங்கள். கிராஞ்சி எம்ஆர்டியிலிருந்து 170எக்ஸும் மஞ்சள் நிற காஸ்வே லிங்க் பஸ்ஸும் உண்டு. மஞ்சள் பஸ் அடிக்கடி வரும் என்று பலர் அதைத்தான் சொல்வார்கள். பெட்டிகளோடு போகும் கூட்டத்துக்கு நான் 950 என்பேன்: லிஃப்ட் இருக்கிறது, வெயிலில் நிற்க வேண்டாம், எம்ஆர்டியில் தட்டிய அட்டையே போதும்.

சில நிமிடத்தில் பஸ் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் நிற்கும். எல்லாப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு, அட்டையைத் தட்டிவிட்டு இறங்க வேண்டும். பஸ் உங்களுக்காகக் காத்திருக்காது. மேலே போய்க் குடிநுழைவை முடித்து, மறுபடி கீழே வந்து, அதே எண்ணுக்குரிய வரிசையில் நின்று அடுத்து வரும் 950-இல் ஏற வேண்டும். காஸ்வே லிங்க் என்றால் அந்த நிறுவனத்தின் பஸ். ரொக்கம் கொடுத்து வாங்கிய டிக்கெட்டை அதுவரை தொலைக்காமல் வைத்திருக்க வேண்டும்.

எங்கள் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது இங்கேதான். ஒரு கவுன்டரில் வரிசை வேகமாக நகர்ந்தது, பக்கத்தில் நகரவே இல்லை. முதலில் முடித்தவர்கள் கீழே போய், பஸ் நிற்கிறதே என்று ஏறிவிட்டார்கள். பாதிப் பேர் மேலே. இரு நாட்டையும் இணைக்கும் கடற்பாலமான காஸ்வேயில் ஏறியதும் கைபேசி மலேசிய நெட்வொர்க்குக்குத் தாவிவிடும். சிங்கப்பூருக்கு மட்டும் வாங்கிய சிம்மில் இணையம் அத்தோடு நின்றுவிடும், வாட்ஸ்அப்பும் வராது. அத்தைக்கு போன் போட்டால் மணி மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

இப்போது யார் கேட்டாலும் சொல்வது இதுதான். ஒருவர் முதலில் போக வேண்டும், ஒருவர் கடைசியில் வர வேண்டும். இருவருக்கும் இரு நாட்டிலும் வேலை செய்யும் இ-சிம் இருக்க வேண்டும். குடிநுழைவைத் தாண்டியதும், கீழே இறங்கும் எஸ்கலேட்டருக்கு முன்னால் தலையை எண்ணுங்கள். 9 வராமல் ஒருவரும் கீழே இறங்கக் கூடாது. பஸ் போனால் போகட்டும், அடுத்தது வரும். பாஸ்போர்ட்டுகளை மாமா ஒருவரே பையில் வைத்துக்கொள்ளும் வழக்கத்தை அன்று ஒருநாள் விட்டுவிடுங்கள். அவரவர் பாஸ்போர்ட் அவரவர் கையில்.

காஸ்வே 1924-இல் திறந்த பாலம், ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். நெரிசல் இல்லாவிட்டால் கண்மூடித் திறப்பதற்குள் ஜேபி. அங்கே சுல்தான் இஸ்கந்தர் கட்டடத்தில் மறுபடி எல்லாப் பெட்டியோடும் இறங்கி மலேசியக் குடிநுழைவு, அப்புறம் சுங்கத்தில் பெட்டிகளை ஸ்கேனரில் போடுவது. முடிந்ததும் பஸ்ஸைத் தேட வேண்டாம். நடைபாலம் வழியாக ஜேபி சென்ட்ரலுக்கும் சிட்டி ஸ்கொயர் மாலுக்கும் நடந்தே போகலாம்.

நேரம் பற்றி ஒரு நல்ல செய்தி. வார நாள் காலையில் கூட்டமெல்லாம் ஜேபியிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்கு வருகிற பக்கம். கப்பல் விட்டு இறங்கும் நீங்கள் எதிர்த் திசை. சனிக்கிழமை காலை மட்டும் இது தலைகீழாகிவிடும், வெள்ளி மாலையைப் பற்றிப் பேசவே வேண்டாம். பள்ளி விடுமுறை, நீண்ட வார இறுதி என்றால் கப்பல் முடிந்த அன்று சிங்கப்பூரிலேயே தங்கிவிட்டு மறுநாள் அதிகாலையில் போவது மேல்.

பஸ்ஸுக்குப் பதில் ரயில்

உட்லண்ட்ஸ் ரயில் சோதனைச் சாவடியிலிருந்து ஷட்டில் தெப்ராவ் என்ற ரயில் ஓடுகிறது. 5 வெள்ளி, 5 நிமிடம். இரு நாட்டுக் குடிநுழைவையும் ஏறுமுன் ஒரே இடத்தில் முடித்துவிடலாம், கூட்டம் சிதறாது. பெட்டியோடு ஏறி இறங்கும் வேலையும் ஒருமுறைதான். எனக்குப் பிடித்த வழி இதுதான், டிக்கெட் கிடைத்தால். மலேசிய ரயில் நிறுவனமான கேடிஎம்மின் செயலியில் சீக்கிரமே விற்றுத் தீர்ந்துவிடும். கப்பல் தேதி உறுதியானதுமே, மதியத்தை ஒட்டிய ரயிலாகப் பார்த்து எடுங்கள். எம்ஆர்டியிலிருந்து சாவடி வரை பஸ்ஸோ கிராபோ (செயலியில் அழைக்கும் வாடகைக் கார்) வேண்டும்.

படி 5: ஜேபியிலிருந்து

ஜேபிக்குள் என்றால் கிராபில் ஆறு பேர் வண்டி ஒன்று, சின்ன வண்டி ஒன்று. இங்கே வாடகை ரிங்கிட்டில் என்பதால் உறுத்தாது. மலாக்காவுக்கு லார்க்கின் சென்ட்ரல் முனையத்திலிருந்து பஸ். கோலாலம்பூர் என்றால் 2025 டிசம்பரிலிருந்து ஜேபி சென்ட்ரலில் ஏறி கேஎல் சென்ட்ரலுக்கு நேராக இடிஎஸ் மின்சார ரயிலில் போகலாம், சுமார் நாலரை மணி நேரம். பத்துமலைக்கு கேஎல் சென்ட்ரலிலிருந்தே கொமுட்டர் ரயில் உண்டு.

இன்னொன்று: திரும்பும் விமானத்தைக் கோலாலம்பூரிலிருந்து போடுங்கள். திருச்சிக்கும் சென்னைக்கும் அங்கிருந்து நேரடி விமானங்கள் இருக்கின்றன. எல்லையை இரண்டாம் முறை தாண்டும் வேலையே இல்லை. குடிநுழைவில் திரும்பும் டிக்கெட் கேட்டால் காட்ட அச்சுப்பிரதி வைத்திருங்கள்.

பிறகு சேர்த்தது

சக்கர நாற்காலியில் பாட்டி இருக்கிறார், என்ன செய்வது என்று ஒருவர் கேட்டிருந்தார். பாட்டியையும் துணைக்கு இருவரையும் பான் சான் ஸ்ட்ரீட் டாக்சியில் அனுப்புங்கள். டாக்சியில் போனால் வண்டியில் உட்கார்ந்தபடியே குடிநுழைவை முடிக்கலாம். மற்றவர்கள் பஸ்ஸில் போய் ஜேபி சென்ட்ரலில் சேர்ந்துகொள்ளுங்கள்.

சிங்கப்பூரில் இருக்கும் மச்சான் தன் காரிலேயே கொண்டுவிடுகிறேன் என்றால்: மலேசியா கேட்கும் வாகன நுழைவு அனுமதி எடுத்திருக்கிறாரா, டேங்கில் முக்கால் பங்கு பெட்ரோல் இருக்கிறதா என்று கேளுங்கள். முதலாவது இல்லாவிட்டால் மலேசியாவில் 300 ரிங்கிட் அபராதம். இரண்டாவது இல்லாவிட்டால் சிங்கப்பூர் எல்லையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸில் கேஎல் பஸ் ஏறலாம் என்று பழைய பதிவுகளில் படித்துவிட்டு ஒரு குடும்பம் பெட்டிகளோடு அங்கே போய் நின்றிருக்கிறது. அந்தக் கட்டடம் 2023-இலேயே மூடியாயிற்று. பஸ்கள் பக்கத்திலுள்ள கோல்டன் மைல் டவர் போன்ற இடங்களிலிருந்து கிளம்புகின்றன. டிக்கெட்டில் ஏறும் இடத்தைப் படித்துப் பாருங்கள். அந்தச் சொகுசு பஸ்கள் எல்லையில் நமக்காகக் கொஞ்ச நேரம் நிற்கும், ஆனால் ரொம்ப நேரம் நிற்காது. இறங்கும்போதே பஸ்ஸின் பதிவெண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

உட்லண்ட்ஸ் நார்த்திலிருந்து ஜேபியின் புக்கிட் சாகாருக்கு ஆர்டிஎஸ் ரயில் வரப்போகிறதே என்று பலர் கேட்கிறார்கள். 2026 டிசம்பர் இறுதியை இலக்காகச் சொல்லியிருக்கிறார்கள். அது ஓடத் தொடங்கினால் மெரினா சவுத் பியரில் ஏறி, அடுத்த நிலையமான மெரினா பேயில் பழுப்புப் பாதைக்கு மாறினால் உட்லண்ட்ஸ் நார்த் வரை நேராகப் போய்விடலாம். அப்போது படி 3, 4 இரண்டையும் மாற்றி எழுதுகிறேன்.