"விழிப்புணர்வு போதவில்லை" என்று பிரீஃபில் எழுதும் முன்

போன மாதம் எங்கள் அணியில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர் தங்களுடைய முதல் பிரீஃபை, அதாவது பிரச்சினை என்ன, விளம்பரம் எதைச் சாதிக்க வேண்டும் என்று வேலைக்கு முன் எழுதும் குறிப்பை, எழுதிக் கொண்டுவந்தார்கள். முதல் வரி இப்படி இருந்தது: "பிரச்சினை: இந்தத் தயாரிப்பைப் பற்றி மக்களிடம் போதிய விழிப்புணர்வு இல்லை." படித்ததும் எனக்குப் பகீரென்றது. எட்டு வருடங்களுக்கு முன்னால் ஏறக்குறைய அதே சொற்களில் நானும் எழுதியிருக்கிறேன். மூன்று மாத விளம்பரச் செலவு அந்த ஒரு வரியால் வீணானது.

ஸ்லைடில் எழுத்துப்பிழை, காலக்கெடு தவறுவது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. அவற்றை யாராவது பார்த்துத் திருத்திவிடுவார்கள். எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போகும் தவறுகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

எதையும் விழிப்புணர்வுப் பிரச்சினையாகப் பார்ப்பது

விற்பனை ஏறவில்லை என்றால் "மக்களுக்குத் தெரியவில்லை" என்பதுதான் எல்லோருக்கும் வசதியான விளக்கம். தயாரிப்பைச் செய்தவர் மனம் நோகாது. விற்பனைப் பிரிவுக்குக் கோபம் வராது. விளம்பரம் எடுப்பவர்களுக்கு வேலையும் கிடைக்கும். அதனாலேயே அதை யாரும் சந்தேகப்படுவதில்லை.

அன்று என்னிடம் வந்தது, மாத்திரை போடும் நேரத்தை நினைவூட்டும் ஓர் ஆப். பயன்படுத்துவோர் எண்ணிக்கை அசையவே இல்லை. விழிப்புணர்வு என்று எழுதினேன், விளம்பரம் ஓடியது. பதிவிறக்கம் ஏறியது, பயன்படுத்துவோர் எண்ணிக்கை மட்டும் அப்படியே நின்றது. மூன்று மாதம் கழித்துத்தான், அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் அதை எப்படித் திறக்கிறார் என்று பார்த்தேன். பெயர் போட்டார், வயது போட்டார். மூன்றாவது திரை ஓடிபி கேட்டது. அதைப் பார்க்க மெசேஜுக்குள் போனார். ஆறு இலக்கத்தையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே திரும்பி வந்தார். ஆப் முதல் திரைக்குப் போயிருந்தது. மறுபடி பெயர், மறுபடி வயது, மறுபடி அதே கதை. அப்புறம் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "எனக்குத்தான் இதெல்லாம் வரமாட்டேங்குது" என்றார்.

அந்த வாக்கியம் இன்னும் என்னை விடவில்லை. குறை ஆப்பில் இருந்தது, அவர் அதைத் தன் குறையாக எடுத்துக்கொண்டார். நாங்களோ அவரைப் போன்ற இன்னும் பல பேரை விளம்பரம் போட்டு அழைத்துவந்து அதே திரையில் முட்டிக்கொள்ள விட்டிருக்கிறோம். பிரீஃப் எழுதும் முன் அரை மணி நேரம் அங்கே உட்கார்ந்திருந்தால் போதும். அதை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல் அடங்குவதில்லை.

இது பெரிய நிறுவனங்களுக்கும் நடந்திருக்கிறது. 3எம் நிறுவனம் 1977ல் ஒட்டி எடுக்கும் குறிப்புத் தாளை 'பிரஸ் அண்ட் பீல்' என்ற பெயரில் நான்கு நகரங்களில் விற்றுப் பார்த்தது. எடுபடவில்லை. அடுத்த வருடம் அமெரிக்காவின் பாய்ஸி நகரில் அதே தாளை இலவசமாகக் கொடுத்துப் பயன்படுத்தச் சொன்னார்கள். பயன்படுத்தியவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் வாங்குவோம் என்றார்கள். 1980ல் அது போஸ்ட்-இட் என்ற பெயரில் நாடு முழுக்க விற்பனைக்கு வந்தது. இடையில் தாளோ பசையோ மாறியதால் வந்த வெற்றி அல்ல. ஒட்டி, உரித்து, மறுபடி ஒட்டிப் பார்த்த கைக்குத்தான் அதன் அருமை தெரியும். விளம்பரத்தால் அதைச் சொல்ல முடியவில்லை.

ஃபெப்ரீஸ் என்ற ஸ்ப்ரேயின் கதை இன்னும் நுட்பமானது. வீட்டுத் துர்நாற்றத்தைப் போக்கும் என்று சொல்லித்தான் முதலில் விற்றார்கள். ஆனால் அந்த நாற்றத்தோடே வாழ்கிறவர்களுக்கு மூக்கு பழகிவிட்டிருந்தது. தனக்குத் தெரியாத நாற்றத்துக்கு யார் மருந்து வாங்குவார்? வீட்டைச் சுத்தம் செய்து முடித்ததும் கடைசியாக அடிக்கும் நறுமணம் என்று மாற்றிய பிறகுதான் அது ஓடியது.

ஆகவே அந்த வரியை எழுதும் முன் ஒன்றை மட்டும் பாருங்கள்: ஏற்கெனவே தெரிந்தவர்கள் என்ன செய்கிறார்கள்? வாங்கி, தொடர்ந்து பயன்படுத்துகிறார்கள் என்றால், சரி, விழிப்புணர்வுதான் பிரச்சினை, தாராளமாக எழுதுங்கள். தெரிந்தும் விட்டுப் போகிறார்கள் என்றால் நீங்கள் செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாயும் இன்னொருவரை விட்டுப்போக வைக்கும்.

சோதனை அளக்காததையும் அளந்துவிட்டதாக நம்புவது

கோகோ கோலா 1985 ஏப்ரலில் தன் பானத்தின் ருசியை மாற்றியது. ஏறக்குறைய இரண்டு லட்சம் பேரிடம் ருசி பார்க்கச் சொல்லி, புதியது பிடித்திருக்கிறது என்று உறுதி செய்த பிறகுதான் மாற்றினார்கள். ஆனாலும் 79 நாளில் பழையதைத் திரும்பக் கொண்டுவர வேண்டியிருந்தது. எது ருசி என்பதை அந்தச் சோதனை சரியாகவே சொல்லியிருக்கலாம். கையிலிருந்த பழையதைப் பிடுங்கினால் மனிதர் என்ன செய்வார் என்பது ஒரு மிடறில் தெரியாது.

டிரெண்டைக் கலாச்சாரம் என்று நினைப்பது

இந்த வாரம் எல்லோரும் பேசுவது அடுத்த மாதம் இருக்காது. யாரும் சொல்லாமலே மக்கள் செய்வதைக் கவனியுங்கள். சோனி 1979ல் வெளியிட்ட முதல் வாக்மேனில் இரண்டு ஹெட்போன் மாட்டலாம், பாட்டுக்கு நடுவே பேசிக்கொள்ள ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொத்தானும் உண்டு. ஒருவர் மட்டும் தனியாகக் கேட்பது மரியாதைக் குறைவாகப் படும் என்று சோனியை நிறுவியவர்களில் ஒருவரான அகியோ மொரிடா நினைத்தார். மக்களோ தனியாகவே கேட்டார்கள். சோனி அதைப் பார்த்தது, பின்னால் வந்த மாடல்களில் அந்தப் பொத்தான் இல்லை. முதல் ஊகம் தவறியது பெரிதல்ல, அதைப் பிடித்துக்கொண்டு தொங்காததைத்தான் நான் மதிக்கிறேன்.

ஒரே பிரீஃபில் மூன்று நோக்கங்கள்

ஒன்று போதும். மற்ற இரண்டையும் கைவிட மறுப்பவரோடு முதலில் பேசி முடியுங்கள்.

வேலை தொடங்கும் முன்னாலேயே அதற்குப் பெயர் வைப்பது

வேண்டாம்.

அந்த இருவரிடமும் பிரீஃபைத் திருப்பிக் கொடுத்து, வாங்கியவர்களில் நான்கு பேர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வரச் சொன்னேன். நேற்று வந்தார்கள். முதல் வரி மாறியிருந்தது: "ஒரு முறை திறந்தால் மூடியை மறுபடி இறுக்க முடியவில்லை. நான்கு பேரில் மூன்று பேர் ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறார்கள்." விளம்பர வேலையை நிறுத்தி வைத்திருக்கிறோம். மூடியை வடிவமைத்தவரோடு நாளை காலை கூட்டம்.