கியாந்தி பண்ணைவீட்டில் சாப்பிடப் போகுமுன்

இத்தாலியின் தஸ்கனி மாநிலத்தில், ஃபுளோரன்சுக்கும் சியேனாவுக்கும் நடுவே உள்ள குன்றுகள்தான் கியாந்தி. கிரேவே, பன்சானோ, ராத்தா, கையோலே, காஸ்தெல்லீனா என்று சின்னச் சின்ன ஊர்கள். ஊரைத் தாண்டினால் திராட்சைக் கொடியும் ஆலிவ் மரமும்தான். அந்தத் தோட்டங்களுக்குள்ளேயே சாப்பாடு போடும் பண்ணைவீடுகளை ‘அக்ரிதூரிஸ்மோ’ என்கிறார்கள். நினைத்தவரெல்லாம் இந்தப் பெயரை வைத்துக்கொள்ள முடியாது. 1985-இல் வந்து, 2006-இல் மாற்றி எழுதப்பட்ட சட்டப்படி, நடத்துபவர் விவசாயியாக இருக்க வேண்டும், விவசாயமே முதல் தொழிலாக இருக்க வேண்டும். தட்டில் வருவதில் கணிசமான பங்கு சொந்தப் பண்ணையில் விளைந்ததாகவும், மற்றதில் பெரும்பாலானது அந்த வட்டாரத்துப் பொருளாகவும் இருக்க வேண்டும்.

இதனால் ஓட்டல் கணக்கு இங்கே செல்லாது. எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணித்தான் அடுப்பில் ஏற்றுவார்கள். தோட்டத்தில் இல்லாதது சமையலறையிலும் இருக்காது. சாப்பாடு எப்படி அமையும் என்பது, போவதற்கு முன் நீங்கள் போடும் ஒரு போனில் பாதி முடிவாகிவிடும்.

போனில் கேட்க வேண்டியவை

சாதாரண நாளென்றால் இரண்டு மூன்று நாள் முன்னதாகவும், சனி ஞாயிறு என்றாலோ திராட்சை அறுவடை நடக்கும் செப்டம்பர், அக்டோபர் என்றாலோ குறைந்தது ஒரு வாரம் முன்னதாகவும் சொல்லிவிடுங்கள். காலை பத்து மணி வாக்கிலோ, மாலை நாலு, ஐந்து மணிக்கோ கூப்பிடுவது நல்லது. சாப்பாட்டு நேரத்தில் போனை எடுக்க வேண்டியவர் அடுப்படியில் இருப்பார்.

முதல் கேள்வி: வெளியாட்களுக்கும் சமைக்கிறீர்களா? பல பண்ணைகளில் அங்கே அறை எடுத்துத் தங்குபவர்களுக்கு மட்டும்தான் சாப்பாடு. இதைக் கேட்காமல் இருபது கிலோமீட்டர் மலைப்பாதையில் ஓட்டிப்போய்த் திரும்புகிறவர்கள் உண்டு. அடுத்து, விலை வைத்த முழுச் சாப்பாடா, பட்டியலைப் பார்த்துச் சொல்வதா? முழுச் சாப்பாடு என்றால் ஒயின் அதில் அடக்கமா? பிறகு குழந்தைகளையும் சேர்த்து எத்தனை பேர், யார் என்ன சாப்பிடமாட்டார்கள் என்பதைச் சொல்லுங்கள். வர முடியாமல் போனால் மறக்காமல் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். உங்களை நம்பிக் கொன்ற முயலையும் பிசைந்த மாவையும் வேறு யாருக்கும் விற்க முடியாது.

மதியச் சாப்பாடு பன்னிரண்டரைக்குத் தொடங்கும், இரண்டு மணிக்கு மேல் புதிதாக யாரையும் உட்கார வைப்பது அரிது. இரவுச் சாப்பாடு ஏழரைக்கு முன் கிடையாது. ஆறு மணிக்குப் பசியோடு போனால் கதவுதான் சாத்தியிருக்கும்.

போகும் வழி

ஃபுளோரன்சிலிருந்து கிரேவே வரை பேருந்து உண்டு. பண்ணைகள் ஊரைவிட்டுத் தள்ளி இருப்பதால், அதற்கப்புறம் கார்தான். கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டர் பெரும்பாலும் ‘ஸ்த்ராதே பியாங்கே’ எனப்படும் வெள்ளைச் சரளை மண்பாதையாக இருக்கும். விளக்கு இருக்காது, போன் சிக்னலும் நம்பத்தக்கதல்ல. வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொண்டு, முதல் முறை பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர்ந்துவிடுங்கள். இரவில் காட்டுப்பன்றியும் மானும் பாதையைக் கடக்கும்.

ஓட்டுபவர் குடிக்கக் கூடாது என்பதே எங்கள் முடிவான கருத்து. இத்தாலியச் சட்டம் ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால் வரை விடுகிறது. உரிமம் வாங்கி மூன்று ஆண்டு ஆகாதவருக்கு அதுவும் இல்லை, பூஜ்யம்தான். பண்ணையில் நாலு ஒயினைச் சுவை பார்த்து, சாப்பாட்டோடு இன்னும் இரண்டு கோப்பை குடித்தால் அந்த 0.5-ஐ எளிதாகத் தாண்டிவிடும். ஓட்டுபவரும் குடிக்க விரும்பினால் அன்றிரவு அங்கேயே அறை எடுத்துவிடுங்கள்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு

தஸ்கனியில் சைவர்களுக்குச் சாப்பாட்டுப் பஞ்சமே இல்லை. பட்டாணி, பயறு, கீரை, பிரெட் ஆகியவற்றை வைத்து வளர்ந்த குடியானவர் சமையல் அது. சிக்கல் வருவது கண்ணுக்குத் தெரியாத பொருள்களால்தான். ‘சைவம்’ என்று மட்டும் சொன்னால் போதாது. “நியென்தே கார்னே, நியென்தே பேஷே, நியென்தே ப்ரோதோ தி கார்னே” என்று பிரித்துச் சொல்லுங்கள். கறி வேண்டாம், மீன் வேண்டாம், கறி வேகவைத்த சாறும் வேண்டாம் என்று பொருள். மூன்றாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். கருங்கீரையும் வெள்ளை மொச்சையும் பழைய பிரெட்டும் போட்டு மறுபடி கொதிக்கவைக்கும் ‘ரிபொல்லீத்தா’ பார்க்க முழுச் சைவமாக இருக்கும். சில வீடுகளில் அதற்குப் பன்றித் தோலோ கறிச்சாறோ சேர்ப்பார்கள்.

தொடக்கத்தில் பிரெட் துண்டின் மேல் பழுப்பு விழுதைத் தடவி வைத்தால் கை வைக்குமுன் கேளுங்கள். அது அநேகமாகக் கோழி ஈரல், நெத்திலியும் அதில் இருக்கும். பார்மிஜானோ பாலாடைக்கட்டியில் பாலைத் திரியவைக்க கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த பொருள்தான் சேர்க்க வேண்டும் என்பது அதன் விதி. ஆட்டுப்பால் பெக்கொரீனோவிலும் பெரும்பாலும் அப்படித்தான். அதைத் தவிர்ப்பவர்கள் “சென்ட்ஸா ஃபொர்மாஜ்ஜோ”, பாலாடைக்கட்டி இல்லாமல், என்று சொல்லிவிட வேண்டும். ‘பன்னா கோத்தா’ என்ற பாலேட்டு இனிப்பில், விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கும்.

முட்டையும் வேண்டாதவர்களுக்கு ‘பீச்சி’ இருக்கிறது. சியேனாப் பக்கத்தில் மாவும் தண்ணீரும் மட்டும் பிசைந்து, கையால் உருட்டி நீட்டுகிற தடித்த நூல் பாஸ்தா அது. தக்காளியும் பெரும்பல் பூண்டும் போட்ட ‘அல்லியோனே’ சாறோடு கேளுங்கள், காரம் வேண்டுமென்றால் “பெப்பெரொன்சீனோ” என்றால் காய்ந்த மிளகாய் வரும். அகலமான பப்பார்தெல்லே பாஸ்தாவில் முட்டை உண்டு. தக்காளியில் பிரெட்டை ஊறவைத்துக் குழைக்கும் ‘பப்பா அல் பொமொதோரோ’ பெரும்பாலும் முழுச் சைவம். கஷ்கொட்டை மாவில் செய்யும் ‘கஸ்தன்யாச்சோ’ இனிப்பில் பாலும் இல்லை, முட்டையும் இல்லை. அது இலையுதிர் காலத்தில்தான் கிடைக்கும்.

எந்த மாதம் எதைக் கேட்பது

மே மாதம் போனால் பச்சை மொச்சை. தோலோடு மேசையில் குவித்து வைப்பார்கள். நீங்களே உரித்து, இளம் பெக்கொரீனோத் துண்டோடு பச்சையாகவே சாப்பிட வேண்டும். கோடையில் தக்காளி. செப்டம்பர், அக்டோபரில் காளானும் திராட்சை வைத்துச் சுட்ட ரொட்டியும். ஆனால் ஒரே ஒரு முறைதான் போக முடியும் என்றால் நவம்பரில் போங்கள். அக்டோபர் கடைசியில் ஆலிவ் பறிக்கத் தொடங்கி, நவம்பரில் புது எண்ணெய் வரும்.

அந்த எண்ணெயைச் சாப்பிடும் முறை ‘ஃபெத்துந்தா’. உப்பில்லாத நாட்டு பிரெட்டைப் பெருவிரல் தடிமனுக்கு வெட்டி, விறகுத் தணலில் இருபுறமும் வாட்டுவார்கள். சொரசொரப்பான அந்த மேல்பாகத்தில் பச்சைப் பூண்டுப் பல்லைத் தேய்த்தால், துருவியில் போட்டதுபோல் பல் கரைந்து உள்ளே இறங்கும். அதன்மேல் பச்சை நிறத்தில் கலங்கலாக இருக்கும் எண்ணெயைத் தாராளமாக ஊற்றி, கல் உப்பைத் தூவ வேண்டும். விழுங்கியதும் தொண்டையில் ஒரு காரல் எழும்பும், சிலருக்கு இருமலே வரும். எண்ணெய் கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம், புது எண்ணெயின் அடையாளமே அதுதான். ஆறினால் பிரெட் ஊறித் தொய்ந்துவிடும். வந்த உடனே கையால் எடுத்துச் சாப்பிடுங்கள்.

பிரெட்டில் உப்பே இல்லை என்று குறைசொல்லி ஒதுக்காதீர்கள். உப்பு தூக்கலான பன்றித்தொடைக் கறிக்கும் சாறுகளுக்கும் துணையாகத்தான் அதைச் சுடுகிறார்கள். தனியாகக் கடித்தால் சப்பென்றுதான் இருக்கும். தட்டில் மிஞ்சிய சாற்றை அதனால் வழித்துச் சாப்பிடுவது பண்ணைவீட்டில் மரியாதைக் குறைவு ஆகாது, சமைத்தவருக்கு மகிழ்ச்சிதான்.

வரிசையும் அளவும்

அந்திபாஸ்தோ, ப்ரீமோ, செகொந்தோ, கொந்தோர்னோ, தோல்சே என்று ஐந்து கட்டம். தொடக்கச் சிற்றுணவு, பாஸ்தா அல்லது சூப், கறி, காய், இனிப்பு. ஆளுக்கு ஐந்தும் சொல்வதுதான் எல்லாரும் செய்யும் பிழை. பாஸ்தாவிலேயே வயிறு நிறைந்து, நல்ல கறி வரும்போது இடமிருக்காது. இருவர் என்றால் ஒரு அந்திபாஸ்தோவைப் பகிர்ந்து, ஆளுக்கொரு ப்ரீமோ, இருவருக்கும் சேர்த்து ஒரு செகொந்தோ போதும். கறியோடு காய் வராது, அதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

புகழ்பெற்ற ‘பிஸ்தெக்கா அல்லா ஃபியொரெந்தீனா’ மாட்டிறைச்சி. எலும்போடு வெட்டிய துண்டு, மூன்று நாலு விரல்கடை தடிமன், ஒரு கிலோவுக்குக் குறைந்து வராது. ஆகவே இரண்டு மூன்று பேருக்கு ஒன்று. விலை பெரும்பாலும் எடைக்குத்தான். பட்டியலில் 6 யூரோ என்று போட்டு அருகே ‘எத்தோ’ என்றிருந்தால் அது 100 கிராமின் விலை. 1.2 கிலோ துண்டுக்கு 72 யூரோ ஆகும். சுடுமுன் பச்சைத் துண்டைக் கொண்டுவந்து காட்டுவார்கள், எடையை அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். தணலில் பக்கத்துக்கு நாலைந்து நிமிடம், பிறகு எலும்பின் மேல் நிமிர்த்தி வைத்துச் சில நிமிடம், அவ்வளவுதான். வெளியே கருகிய பட்டை, உள்ளே சிவப்பு. நன்றாக வேகவைக்கச் சொன்னால் பல சமையல்காரர்கள் மறுத்துவிடுவார்கள். அந்தத் தடிமனில் உள்ளே வேகும்வரை விட்டால் வெளியே கரியாகி, கறி வறண்டுபோகும். சிவப்பாகச் சாப்பிடப் பிடிக்காதவர்களுக்கு நீண்ட நேரம் ஒயினில் வெந்த காட்டுப்பன்றிக் கறி, ‘சிங்கியாலே’, பொருத்தமாக இருக்கும்.

ஒயின்

பண்ணையின் சொந்த ஒயின் அரை லிட்டர் கூஜாவில் கிடைக்கும், இருவருக்கு அது போதும். புட்டி வாங்கினால் கழுத்திலோ பின்பக்க லேபிளிலோ கருஞ்சேவல் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அது ‘கியாந்தி க்ளாஸிக்கோ’. அதில் சாஞ்சொவேசே திராட்சை குறைந்தது 80 சதவீதம். முத்திரையைக் காக்கும் உற்பத்தியாளர் சங்கம் 1924-இல் தொடங்கியது. வெறும் ‘கியாந்தி’ என்றால் தஸ்கனியில் இன்னும் பரந்த வட்டாரத்து ஒயின், தரமும் புட்டிக்குப் புட்டி மாறும்.

கோடையில் சிவப்பு ஒயினை வெளி வெக்கையிலேயே வைத்துக் கொடுத்தால் சாராய நெடிதான் முந்தி வரும். பத்து நிமிடம் பனிக்கட்டி வாளியில் வைக்கச் சொல்லுங்கள், 16 முதல் 18 டிகிரி சரியாக இருக்கும். நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்தால் தக்கை கெட்டிருக்கிறது. “ஸா தி தாப்போ” என்றால் புட்டியை மாற்றித் தருவார்கள். கடைசியில் வரும் ‘வின் ஸாந்தோ’ உலர்த்திய திராட்சையில் செய்து, சின்னப் பீப்பாய்களில் ஆண்டுக்கணக்கில் கிடந்த இனிப்பு ஒயின். கூடவே வரும் பாதாம் பிஸ்கட் பல்லுக்குக் கடினம், ஒயினில் முக்கித்தான் கடிக்க வேண்டும்.

பில்

நீங்கள் கேட்கும்வரை பில் வராது. எழுந்து போகச் சொல்வது போலாகிவிடும் என்பதால் அவர்களாகக் கொண்டுவர மாட்டார்கள். “இல் கோந்தோ, பெர் ஃபவோரே” என்று கேளுங்கள். பில்லில் ‘கொபெர்த்தோ’ என்று ஆளுக்கு ஓரிரண்டு யூரோ இருக்கும். பிரெட்டுக்கும் மேசைக்குமான வழக்கமான கட்டணம் அது. டிப்ஸ் கட்டாயமில்லை. கார்டு செல்லும் என்றாலும், மலையில் நெட்வொர்க் விட்டுப்போகும் நாள்களுக்காகக் கொஞ்சம் ரொக்கம் வைத்திருங்கள்.

எண்ணெய் வாங்குவதானால் கண்ணாடிப் புட்டியைவிடத் தகரம் நல்லது. உடையாது, வெளிச்சமும் படாது. பல விமான நிலையங்களில் கைப்பையில் விடமாட்டார்கள், பெட்டிக்குள் துணி சுற்றி வையுங்கள். தகரத்தில் அறுவடை ஆண்டு இருக்கிறதா என்று பார்த்து வாங்கி, திறந்தபின் இரண்டு மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.