கடல்மீன் தொட்டிக்கு ஸ்கிம்மர்: கழுத்தைப் பார்த்து வாங்குங்கள், காற்றை அளந்து சரிசெய்யுங்கள்

புரோட்டீன் ஸ்கிம்மர் பெட்டியில் “1000 லிட்டர் வரை” என்று போட்டிருந்தால், அது எந்தத் தொட்டியின் 1000 லிட்டர் என்று கேட்க வேண்டும். இரண்டு கோமாளி மீனும் நாலைந்து பவளமும் உள்ள தொட்டியா, மூன்று வேளையும் தின்னும் டேங் மீன்கள் நிறைந்த தொட்டியா? தண்ணீர் ஒரே அளவாக இருந்தாலும் சேரும் கழிவு வேறு. அதனால் லிட்டர் கணக்கைவிட, ஒரு நாளைக்கு எவ்வளவு தீனி போடுகிறீர்கள் என்ற கணக்குதான் ஸ்கிம்மர் தேர்வுக்கு உதவும்.

பருப்பு கொதிக்கும்போது மேலே திரளும் நுரையைக் கரண்டியால் வழித்து எடுக்கிறோமே, ஸ்கிம்மர் செய்வது கிட்டத்தட்ட அதைத்தான். மீன் கழிவு, மிச்சத் தீனி, பவளம் விடும் சளி இவற்றிலிருந்து வரும் புரதம், கொழுப்பு போன்றவற்றுக்குத் தண்ணீரோடு ஒட்டும் பக்கம் ஒன்றும், தண்ணீரை விட்டு விலகும் பக்கம் ஒன்றும் உண்டு. விலகும் பக்கம் காற்றுக் குமிழியைக் கண்டதும் அதில் ஒட்டிக்கொள்ளும். குமிழி மேலே ஏறும்போது கழிவும் கூடவே ஏறி, கழுத்தில் நுரையாகத் திரண்டு, கப்பில் விழும். நன்னீரில் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகிவிடுவதால் இது நடக்காது. கடல்நீரின் உப்பு, அதாவது 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு) அளவு இருந்தால், குமிழிகள் பொடியாகவே நிற்கும். நன்றாக ஓடும் ஸ்கிம்மரின் உடல்பகுதி நீர்மோர் மாதிரி வெளுத்திருக்கும். தனித்தனிக் குமிழி கண்ணுக்குத் தெரிந்தால் ஏதோ சரியில்லை.

ஏற்கெனவே உருவாகிவிட்ட நைட்ரேட்டையும் கரைந்த பாஸ்பேட்டையும் ஸ்கிம்மர் எடுக்காது. அவையாக மாறும் முன்பே கழிவை வெளியேற்றுவதுதான் அதன் பலன். அதிலும் முழுவதும் வராது. அமெரிக்காவின் பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழக வேதியியலாளர் கென் ஃபெல்ட்மன் குழுவினர் 2009-ல் பல ஸ்கிம்மர்களை அளந்து பார்த்தபோது, தண்ணீரில் இருந்த கரிமப் பொருளில் ஏறக்குறைய 20 முதல் 30 சதவீதம்தான் வெளியேறியது. மாடலுக்கு மாடல் பெரிய வித்தியாசமும் இல்லை. ஆகவே பிராண்டுக்காக இரட்டை விலை கொடுப்பதைவிட, உங்கள் தொட்டிக்குப் பொருந்துவதை வாங்கிச் சரியாக ஓட்டுவது மேல்.

வாங்கும்போது

முதலில் கழுத்தின் விட்டத்தைப் பாருங்கள். அகன்ற கழுத்து முழுக்க நுரை ஏற வேண்டுமானால் அதற்குத் தக்க கழிவு இடைவிடாமல் வந்துகொண்டிருக்க வேண்டும். கழிவு குறைந்த தொட்டியில் நுரை பாதிக் கழுத்து வரை ஏறி, உடைந்து, தண்ணீராகத் திரும்பி இறங்கிவிடும். மூன்று நாள் வெறும் கப், நாலாம் நாள் தீனி கொஞ்சம் கூடியதும் ஒரேயடியாகப் பொங்கல் என்று இருந்தால், ஸ்கிம்மர் தேவைக்கு மீறிப் பெரியது என்று பொருள். “பெரிதாக வாங்கினால் நல்லதுதானே” என்ற யோசனையில் பணம் வீணாவது இங்கேதான்.

வீடுகளில் பரவலாக இருக்கும் 4 அடிக்கு ஒன்றரைக்கு ஒன்றரை தொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் ஏறக்குறைய 255 லிட்டர். பாறையும் மணலும் போக 200 லிட்டர் அளவில் நிற்கும். சம்ப்பில், அதாவது வடிகட்டும் கருவிகள் வைக்கக் கீழே இருக்கும் துணைத் தொட்டியில், 50 லிட்டர் சேர்த்தால் 250. ஐந்தாறு நடுத்தர மீன், நாளுக்கு ஒன்றிரண்டு உறைந்த தீனிக் கட்டி என்றால் 7 முதல் 9 செ.மீ. கழுத்தும், மணிக்கு 300 முதல் 500 லிட்டர் காற்று இழுக்கும் பம்பும் தாராளம். தீனி இதைவிட இரு மடங்கானால் அடுத்த அளவுக்குப் போங்கள்.

இரண்டாவது, பம்ப். இன்று விற்பவற்றில் பெரும்பாலானவை நீடில் வீல் வகை: பம்புக்குள் சுழலும் இம்பெல்லரில் உள்ள ஊசிகள் காற்றையும் தண்ணீரையும் சேர்த்து அடித்துப் பொடிக் குமிழியாக்கும். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் 110 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் ஏ.சி. பம்ப் இங்கே சரிவராது. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மட்டுமே மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. 60 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 3600 சுற்று சுற்ற வேண்டிய மோட்டார் நம் 50 ஹெர்ட்ஸில் 3000 சுற்றுதான் சுற்றும். ஆறில் ஒரு பங்கு வேகம் போனால் காற்றும் அதோடு போகும். இலங்கை, சிங்கப்பூர், மலேசியாவிலும் 50 ஹெர்ட்ஸ்தான். டி.சி. பம்ப் என்றால் இந்தச் சிக்கல் இல்லை. அதன் அடாப்டர் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்கிம்மர் 24 மணி நேரமும் ஓடும். 40 வாட் பம்புக்கு மாதம் 29 யூனிட் ஆகும், 12 வாட் பம்புக்கு 9 யூனிட்டுக்குள் முடியும்.

மூன்றாவது, உயரம். கப்பைக் கழற்றக் கூடுதலாக 8 முதல் 10 செ.மீ. மேலே இடம் வேண்டும். ஸ்டாண்டுக்குள் ஸ்கிம்மர் நுழைந்துவிட்டது, கப்பைத்தான் எடுக்க முடியவில்லை என்றால், பிறகு யாரும் அதை வாரம் தவறாமல் கழுவ மாட்டார்கள்.

சம்ப் இல்லாதவர்களுக்குப் பின்பக்கம் மாட்டும் வகை போதும். 60 லிட்டருக்குக் குறைந்த தொட்டிக்கு ஸ்கிம்மரே வேண்டாம், வாரம் 10 சதவீதம் தண்ணீர் மாற்றுவது அதைவிடச் சிக்கனம்.

காற்றை அளப்பது

சரிசெய்யும் முன், இப்போது எவ்வளவு காற்று இழுக்கிறது என்று தெரிய வேண்டும். மீட்டர் தேவையில்லை. மெல்லிய பாலிதீன் பையில் 5 லிட்டர் தண்ணீர் அளந்து ஊற்றி, மட்டத்தில் மார்க்கரால் கோடு போடுங்கள். தண்ணீரைக் கொட்டிவிட்டு, உள்ளே நன்றாக உலர்த்தி, கோடு வரை காற்று நிரப்பி, ஸ்கிம்மரின் ஏர் ட்யூப் முனையில் ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டுங்கள். பை முழுக்கச் சப்பையாக எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். 18,000-ஐ அந்த விநாடியால் வகுத்தால் மணிக்கு இத்தனை லிட்டர் என்று வரும்: 45 விநாடி என்றால் 400 லிட்டர், 60 விநாடி என்றால் 300. புதிதாக வாங்கிய அன்றே இதை அளந்து கப்பின் பக்கவாட்டில் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து நுரை குறைந்தால் எங்கே பார்ப்பது என்று இந்த எண் சொல்லிவிடும்.

தண்ணீர் மட்டம்

ஸ்கிம்மர் நிற்கும் அறையில் தண்ணீர் மட்டம் அசையவே கூடாது. மட்டம் ஒரு செ.மீ. ஏறினாலே நுரை இளகிப் பொங்கும், ஒரு செ.மீ. இறங்கினால் கழுத்து காய்ந்துவிடும். சம்ப்பில் பேஃபிள் எனும் தடுப்புக் கண்ணாடி வைத்து, தண்ணீரை மேல் தொட்டிக்கு ஏற்றும் ரிட்டர்ன் பம்பிலிருந்து ஸ்கிம்மரைப் பிரித்து, முந்தைய அறையில் வையுங்கள். ஆவியாகும் தண்ணீரின் குறைவு கடைசி அறையில் மட்டும் தெரியும், ஸ்கிம்மர் அறை அப்படியே நிற்கும். பெரும்பாலான மாடல்கள் 18 முதல் 23 செ.மீ. ஆழம் கேட்கும், கையேட்டில் சரியான எண் இருக்கும். அறை ஆழமாக இருந்தால் அடியில் ஆக்ரிலிக் பலகை வைத்து உயர்த்துங்கள். செங்கல் வேண்டாம், தண்ணீரில் கரைந்து கலக்கும்.

புது ஸ்கிம்மரில் தயாரிப்பு எண்ணெய் ஒட்டியிருக்கும். வெந்நீரும் வெள்ளை வினிகரும் சம அளவில் கலந்து ஓரிரு மணி நேரம் ஓட்டிக் கழுவிவிட்டு மாட்டுங்கள். அதன் பிறகும் ஒரு வாரம், பத்து நாள் தாறுமாறாக நடந்துகொள்ளும், பொறுக்க வேண்டும். ஸ்கிம்மரிலிருந்து தண்ணீர் வெளியேறும் குழாயின் வால்வை முழுக்கத் திறந்து, நுரையும் தண்ணீரும் பிரியும் கோடு கழுத்தின் அடியில் நிற்கும்படி தொடங்குங்கள். பிறகு நாளுக்கு ஒருமுறை, வால்வைக் கால் சுற்று மட்டும் மூடுங்கள். காலையில் திருப்பி, மதியம் பார்த்து, மாலையில் மறுபடி திருப்புகிறவர்களுக்குச் சரியான பதம் கிடைக்காது. நுரை நிலைக்க 12 மணி நேரமாவது வேண்டும்.

கப்பில் சேருவது கட்டியாகக் கருத்திருந்தால் வறண்ட நுரை, டீ நிறத்தில் நீர்த்திருந்தால் ஈர நுரை. ஈர நுரையில் கழிவு கூடுதலாக வரும், உப்பும் கூடவே போகும். நாளுக்கு 200 மில்லி டீ நிறத் தண்ணீர் கொட்டினால் மாதம் 6 லிட்டர், அதாவது ஏறக்குறைய 210 கிராம் உப்பு. 250 லிட்டர் அமைப்பில் அதை ஆர்.ஓ. தண்ணீரால் ஈடுகட்டிக்கொண்டே போனால் 35 பிபிடி ஒரு மாதத்தில் 34.2-க்கு இறங்கும். மட்டம் ஈடுகட்டும் கருவி வைத்திருப்பவர்கள் வாரம் ஒருமுறை உப்பை அளக்க வேண்டிய காரணம் இது.

மேம்படுத்துதல்

வால்வுக்குப் பதில் ஆப்பு வடிவக் குழாயால் உள்ளே நீர்மட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்கிம்மர்களில் வெளியேறும் குழாயில் ஒரு பி.வி.சி. கேட் வால்வு பொருத்துவது சிறந்த முதல் மாற்றம். பால் வால்வு வேண்டாம், கால் சுற்றிலேயே முழுக்க மூடிக்கொள்ளும்.

அடுத்தது மெஷ். பழைய ஊசி இம்பெல்லரின் ஊசிகள் தேய்ந்திருந்தால், 3 முதல் 4 மி.மீ. தடிமனுள்ள முப்பரிமாண நைலான் மெஷ்ஷை வட்டமாக வெட்டி அதன் மேல் கட்டலாம். வட்டத்தின் விட்டம் பம்பின் உள்கூட்டைவிட 3 மி.மீ. குறைவாக இருக்கட்டும். இரண்டு அடுக்கு போதும். கட்டுவதற்குத் தூண்டில் நரம்பைப் பயன்படுத்துங்கள். எந்த உலோகக் கம்பியும் கடல்நீருக்குள் போகக் கூடாது. நடுவே இம்பெல்லர் தட்டின் ஊசிகள் வழியாக நாலு இடத்தில் தைத்து, முடிச்சுகளை எதிரெதிராக வையுங்கள். முடிச்சு ஒரே பக்கம் சேர்ந்தால் எடை சாய்ந்து, பீங்கான் தண்டு சில வாரங்களில் உடையும். மாட்டியபின் பை சோதனையை மறுபடி செய்யுங்கள், காற்று கூடியிருக்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கி மாட்டிப் பத்துமுறை ஸ்டார்ட் செய்து பாருங்கள். ஒருமுறை திணறினாலும் ஒரு அடுக்கைக் கழற்றிவிடுங்கள், கரண்ட் போய் வரும் ஒரு ராத்திரியில் நின்றுவிடும். டி.சி. பம்பில் இதைச் செய்ய வேண்டாம், சுமை கூடினால் கன்ட்ரோலர் நிறுத்திவிடும்.

ஸ்கிம்மர் மணிக்கு நானூறு லிட்டர் அறைக் காற்றைத் தண்ணீருக்குள் அடிக்கிறது என்பதை மறக்கக் கூடாது. ஏசி போட்டு மூடிய படுக்கையறையில் இரவு முழுக்கச் சேரும் கார்பன் டை ஆக்சைடு தொட்டியின் பி.எச். அளவைக் கீழே இழுக்கும். ஏர் ட்யூபை ஜன்னல் வழியே வெளியே கொண்டுபோனால் பல வீடுகளில் 7.8-ல் கிடந்த பி.எச். 8-ஐத் தாண்டும். ஆனால் சிறிய 4 மி.மீ. ட்யூபைப் பத்தடி இழுத்தால் காற்று அடைபடும். நீளமான பகுதிக்கு அரை அங்குல பி.வி.சி. குழாய் போட்டு, ஸ்கிம்மர் அருகில் மட்டும் சிறிய ட்யூபுக்கு மாற்றுங்கள். வெளிமுனையில் கொசுவலைத் துணி கட்டி, மழை புகாமல் கீழ்நோக்கி வளையுங்கள். வெளியே போக வழியில்லாதவர்கள் ஏர் ட்யூபில் சோடா லைம் (கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் குருணை) நிரப்பிய குடுவையை இணைக்கலாம். வெள்ளையாக இருக்கும் சோடா லைம் ஊதாவாக மாறினால் தீர்ந்துவிட்டது.

கொசு மருந்தும் இதே வழியாகத்தான் உள்ளே போகும். திரவக் கொசுவிரட்டிகளில் உள்ள பைரித்ராய்டு மீனுக்கும் இறாலுக்கும் நஞ்சு. தொட்டி இருக்கும் அறையில் ஸ்ப்ரே, கொசுவிரட்டி, பெயின்ட் எதுவும் வேண்டாம்.

கெடும்போது

நுரை மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது உப்பு. காற்றும் தண்ணீரும் சந்திக்கும் வென்சுரி வாயில் உப்பு காய்ந்து, அரிசி அளவு கட்டியாகி, ட்யூபை அடைக்கும். ட்யூபைக் கழற்றி, பம்பை நிறுத்தி, ஒரு சிரிஞ்சால் வெந்நீர் செலுத்தினால் சரியாகிவிடும். மாதம் ஒருமுறை இதைச் செய்யுங்கள். அதன் பிறகும் பை சோதனை எண் குறைவாக இருந்தால் இம்பெல்லரில் சுண்ணாம்புப் படிவு. ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சை உப்பு கலந்து, பம்பை அதில் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். சோப்பு எந்தக் கட்டத்திலும் தொடக் கூடாது, ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரைக் கலக்கவே கூடாது.

எண் சரியாக இருந்தும் நுரை ஏறவில்லை என்றால் கழுத்தின் உட்புறத்தை விரலால் வழித்துப் பாருங்கள். வழவழவென்று பழுப்புப் பசை வரும். அந்தப் பிசுக்கு படிந்த சுவரில் நுரை உடைந்துபோகும். வாரம் இருமுறை துடைத்தால் வரும் லாபம், மெஷ் மாற்றத்தில் வருவதைவிட அதிகம்.

கரண்ட் போய்த் திரும்பும்போது பொங்குவது நம் ஊரில் வழக்கமான தொல்லை. மின்சாரம் நின்றதும் மேல் தொட்டியின் தண்ணீர் சம்ப்புக்கு இறங்கி மட்டம் ஏறியிருக்கும். அந்த நிலையில் ஸ்கிம்மர் ஸ்டார்ட் ஆனால் கப் நிரம்பித் தரைக்கு வரும். ஃபிரிட்ஜுக்கு வாங்கும் டைம் டிலே ஸ்டெபிலைசரில் ஏ.சி. ஸ்கிம்மரை மட்டும் மாட்டுங்கள், ரிட்டர்ன் பம்பை நேராக வேறு சாக்கெட்டில் மாட்டுங்கள். மூன்று நிமிடம் கழித்து ஸ்கிம்மர் கிளம்பும்போது மட்டம் பெரும்பாலும் இறங்கியிருக்கும். உங்கள் சம்ப்புக்கு அந்த நேரம் போதுமா என்று மெயினை ஒருமுறை அணைத்துப் போட்டுப் பாருங்கள். இன்வர்ட்டரில் ஓட்டுவதானால் சைன் வேவ் இன்வர்ட்டர் வேண்டும். ஸ்கொயர் வேவில் ஏ.சி. பம்ப் உறுமிச் சூடாகும்.

காரணமில்லாமல் திடீரென்று பொங்கினால், அன்று தொட்டிக்குள் என்ன போனது என்று யோசியுங்கள். பவளம் ஒட்டும் எபாக்ஸி, மீன் மருந்து, கற்றாழை சேர்ந்த குளோரின் நீக்கி, கையில் பூசிய கிரீம் எல்லாமே பொங்க வைக்கும். எண்ணெய்ப் பசையுள்ள தீனி போட்டால் மாறாக நுரை ஒன்றிரண்டு மணி நேரம் விழுந்து கிடக்கும், பிறகு தானாக எழும்; வால்வைத் தொட வேண்டாம். எபாக்ஸி வேலை நடக்கும் இரண்டு நாளும் கப்பின் வடிகால் ட்யூபைச் சம்ப்புக்குள்ளேயே விட்டு, பம்பை ஓடவிடுங்கள். நுரை திரும்பத் தண்ணீரில் விழுந்தாலும் மீன்களுக்கு ஆக்சிஜன் நிற்காது.