தீட்டிய படத்தைக் கறுப்பு வெள்ளையில் ஒருதரம் பாருங்கள்

படத்துக்கு நிறம் தீட்டி முடிக்க முன்னம் போனில் அதைப் படம் எடுத்து, கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், மேலே மேலே நிறம் பூசி மினக்கெட வேண்டாம். வெளிச்சமும் இருளும் சரியாகப் பிரியவில்லை, அவ்வளவுதான்.

நிறம் வேறு, அதன் ஒளி அளவு, அதாவது அது எவ்வளவு வெளிச்சம் அல்லது இருட்டு என்பது, வேறு. எங்கள் வன்னியில் கிரவல் வீதியும் அதன் ஓரத்து வயலும் சிவப்பும் பச்சையுமாகப் பளிச்சென்று பிரிந்து நிற்கும். தாளில் இரண்டையும் ஒரே ஒளி அளவில் தீட்டினால் சாம்பலில் வீதி எது, வயல் எது என்றே தெரியாது. தள்ளி நின்று பார்த்தாலும் படம் தட்டையாகத்தான் இருக்கும். அந்த விளிம்பில் பச்சையை மட்டும் கொஞ்சம் இருட்டாக்குங்கள், போதும். புதுத் தாள் தேவையில்லை. இருட்டாக்கக் கறுப்பை எடுக்காமல் பச்சைக்குள் துளி சிவப்பு விட்டுப் பாருங்கள்: நிறச் சக்கரத்தில் எதிரே இருக்கும் எதிர்நிறம் என்பதால் பச்சை அடங்கி ஆழமாகும். கறுப்பு கலந்த பச்சையைவிட அதுதான் எனக்குப் பிடிக்கும்.

போஸ்டர் கலர் ஈரமாக இருக்கும்போது இந்தக் கறுப்பு வெள்ளைச் சோதனையைச் செய்ய வேண்டாம், காய்ந்ததும் ஒளி அளவு மாறிவிடும். போனில் எடுக்கும்போது பிளாஷும் வேண்டாம். இரணைமடுக் குளத்தின் விடியற்காலைப் பனிமூட்டம் போல வேண்டுமென்றே மங்கலாகத் தீட்டும் படத்துக்கும், நிற வேறுபாட்டையே நம்பியிருக்கும் அலங்காரக் கோலங்களுக்கும் இது பொருந்தாது. போன் இல்லையா? கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள், பெரும்பாலும் அதே விடைதான் கிடைக்கும்.