பழைய பட்டாளத்து ரெக்கார்டை வாங்குவது எப்படி?

வேலூர் பக்கத்தில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத ஊரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கணியம்பாடி அருகே உள்ள கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே கூப்பிடுகிறார்கள். ஆனால் ஊனத்துக்கான டிஸெபிலிட்டி பென்ஷனுக்கோ குடும்ப பென்ஷனுக்கோ மனு போட உட்காரும்போது பல வீடுகளில் பட்டாளத்தை விட்டு வரும்போது கொடுத்த பழுப்பேறிய டிஸ்சார்ஜ் புக் ஒன்றுதான் தேறுகிறது. சில வீடுகளில் அதுவும் இல்லை. மற்ற காகிதங்களை, பட்டாளத்தாரின் கோப்புகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசிலிருந்துதான் வரவழைக்க வேண்டும். "எங்க அப்பாவோட சர்வீஸ் பேப்பர் எல்லாம் வேணும்" என்று மொட்டையாக எழுதினால் வேலை நடக்காது. எந்த நம்பர், எந்த ரெக்கார்ட் ஆபீஸ், எந்தக் காகிதம் என்ற மூன்றையும் சொல்லிக் கேட்க வேண்டும்.

இங்கே சொல்வது தரைப்படை ஜவான்களுக்கும் ஜே.சி.ஓ.க்களுக்கும் (நாயப் சுபேதார் முதல் சுபேதார் மேஜர் வரை). அதிகாரிகளின் கோப்பு டெல்லி ராணுவத் தலைமையகத்தில் இருக்கும்.

படி 1: ஆர்மி நம்பர்

பேரும் ஊரும் மட்டும் வைத்துக்கொண்டு ரெக்கார்ட் ஆபீசில் ஆளைத் தேட முடியாது. எத்தனை முனுசாமி, எத்தனை கோவிந்தசாமி! நம்பர்தான் எல்லாம். டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் ஆணையான பி.பி.ஓ., கேன்டீன் கார்டு, மருத்துவத் திட்டத்துக்கான இ.சி.எச்.எஸ். கார்டு என்று இருப்பதை எல்லாம் முதலில் எடுத்துப் பாருங்கள்.

எதுவுமே இல்லையா? டிரங்குப் பெட்டியைக் கிளறுங்கள். பட்டாளத்திலிருந்து வீட்டுக்கு எழுதிய பழைய இன்லேண்ட் லெட்டர் ஒன்று கிடைத்தாலும் போதும். அனுப்புநர் இடத்தில் நம்பர், ரேங்க், பெயர், யூனிட், கீழே ராணுவத் தபால் நிலையத்தைக் குறிக்கும் '56 ஏ.பி.ஓ.' அல்லது '99 ஏ.பி.ஓ.' என்று வரிசையாக எழுதியிருப்பார்கள். பணம் அனுப்பிய மணியார்டர் துண்டும் உதவும்.

அடுத்து, மெடல்கள். ரக்ஷா மெடல், சங்ராம் மெடல், பூர்வி ஸ்டார் என்று ரிப்பனோடு சாமி அலமாரியில் கிடக்கும். முன்பக்கத்தை விடுங்கள். வட்ட மெடலைச் செங்குத்தாகப் பிடித்து அதன் விளிம்பைப் பாருங்கள். நம்பர், ரேங்க், பெயர் பொடி எழுத்தில் பொறித்திருக்கும். புளி போட்டுத் தேய்க்க வேண்டாம். செல்போன் டார்ச்சைச் சாய்வாக அடித்து, போட்டோ எடுத்துப் பெரிதாக்கினால் படித்துவிடலாம்.

நம்பரின் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்து இருந்தால் அதையும் சேர்த்தே எழுதுங்கள். நாயப் சுபேதார் ஆனவருக்குப் புதிதாக ஜே.சி. நம்பர் கொடுத்திருப்பார்கள். அப்போது பழையது, புதியது இரண்டையும் குறிப்பிடுங்கள்.

படி 2: எந்த ரெக்கார்ட் ஆபீஸ்?

"காஷ்மீர்ல இருந்தாரு, அப்புறம் அஸ்ஸாம்" என்பது இங்கே உதவாது. எந்த ரெஜிமென்ட், எந்தக் கோர் என்பதுதான் கணக்கு. மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டன். 25-ல் தொடங்கும் ஏழு இலக்க நம்பர் இந்த ரெஜிமென்ட்டுடையது. பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸ், அதாவது எம்.இ.ஜி. என்றால் பெங்களூரு. பீரங்கிப்படைக்கு நாசிக் ரோடு, சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், வண்டி, ஆயுதங்களைப் பழுதுபார்க்கும் இ.எம்.இ.க்கு செகந்திராபாத், மெடிக்கல் கோருக்கு லக்னோ. ரிட்டயர் ஆன பிறகு, பாதுகாப்புத் துறை இடங்களைக் காவல் காக்கும் டி.எஸ்.சி.யில் மறுபடி சேர்ந்தவர்களுக்குக் கண்ணூரில் தனிக் கோப்பு இருக்கும். முதல் சர்வீஸ் காகிதத்தைக் கண்ணூரில் கேட்டுப் பயனில்லை.

படி 3: எந்தக் காகிதம்?

டிஸெபிலிட்டி பென்ஷன் என்றால் இரண்டைக் கேளுங்கள். ஒன்று, வெளியே வரும்போது நடந்த மெடிக்கல் போர்டு புரொசீடிங்ஸ். ரிலீஸ் ஆனவருக்கு ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-16 என்ற படிவம். ஊனம் எத்தனை சதவீதம், அது சேவையால் வந்ததா அல்லது சேவையால் மோசமானதா என்று அதில்தான் எழுதியிருக்கும். பொதுவாக 20 சதவீதமாவது இருக்க வேண்டும். மற்றொன்று, பட்டாளத்தில் சேரும்போது நடந்த மருத்துவப் பரிசோதனைத் தாள். இதைக் கேட்கப் பலரும் விட்டுவிடுகிறார்கள். சேரும்போது எந்த நோயும் குறிக்கப்படவில்லை என்றால், பிறகு நோய் காரணமாக வெளியே அனுப்பப்பட்டவருக்கு அது சேவையால் வந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லை என்று நிரூபிப்பது அரசின் பொறுப்பு என்று 2013-ல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வாதத்துக்கு இந்தத் தாள்தான் அடிப்படை.

குடும்ப பென்ஷனில் மனைவி பெயர் பதிவாகவில்லை என்ற சிக்கல் வந்தால், கல்யாணத்தைப் பதிந்த யூனிட் உத்தரவான பார்ட் 2 ஆர்டரையும், குடும்ப விவரம் உள்ள கின்ட்ரெட் ரோலையும் கேளுங்கள். டிஸ்சார்ஜ் புக் தொலைந்திருந்தால் காவல் நிலையச் சான்றும் அஃபிடவிட்டும் வைத்து, அதற்குப் பதிலான சான்றிதழைக் கேட்க வேண்டும்.

படி 4: மனு

மனுவை ஆங்கிலத்தில், ஒரே பக்கத்தில் எழுதுங்கள். முதல் வரியில் நம்பர், ரேங்க், பெயர், ரெஜிமென்ட், சேர்ந்த தேதி, வெளிவந்த தேதி. அடுத்து வேண்டிய காகிதத்தின் பெயர், என்ன காரணத்துக்கு என்று ஒரு வரி. குடும்பக் கதை வேண்டாம். அவர் இறந்திருந்தால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் இணையுங்கள்.

நம்ம ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. அந்தக் கால ரெக்கார்டில் மாவட்டம் 'வட ஆற்காடு' என்று இருக்கும். 1989-ல் அது பிரிந்து ஆரணி, செய்யாறு, போளூர் எல்லாம் திருவண்ணாமலைப் பக்கம் போய்விட்டன. 2019-ல் வேலூரும் மூன்றாகி, அரக்கோணம்காரர் ராணிப்பேட்டை மாவட்டம், வாணியம்பாடிக்காரர் திருப்பத்தூர் மாவட்டம் என்று ஆதாரில் இருக்கிறது. வடக்கே உட்கார்ந்து கோப்பைப் பார்ப்பவருக்கு இது தெரியாது. முகவரியில் பழைய மாவட்டம், தாலுகா, போஸ்ட் ஆபீஸ் பெயரையும், அதே ஊர்தான் இப்போது இந்த மாவட்டத்தில் இருக்கிறது என்பதையும் எழுதிவிடுங்கள். ரெக்கார்டில் இனிஷியல் இல்லாமலோ வேறு ஸ்பெல்லிங்கிலோ பெயர் இருந்தால், இரண்டும் ஒருவரே என்று நோட்டரி அஃபிடவிட் வையுங்கள்.

மனுவை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் காட்டி, அவர்களின் பரிந்துரைக் கடிதத்தோடு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். இந்த உதவிக்குக் காசு கிடையாது. "ஆயிரம் கொடுத்தா முடிச்சுத் தரேன்" என்பவரிடம் ஒரிஜினல் டிஸ்சார்ஜ் புக்கைக் கொடுத்துவிட்டு அப்புறம் அலையாதீர்கள். ஜெராக்ஸ் போதும்.

படி 5: பதில் வரவில்லையா?

தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மத்திய அரசின் ஆர்.டி.ஐ. இணையதளத்திலும் போடலாம், தபாலிலும் அனுப்பலாம். கட்டணம் 10 ரூபாய், நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்கும் அசையவில்லை என்றால் 90 நாளுக்குள் மத்திய தகவல் ஆணையம். "ஏன் பென்ஷன் தரவில்லை?" என்று கேட்காதீர்கள். அது தகவல் இல்லை என்று தள்ளிவிடுவார்கள். "மெடிக்கல் போர்டு புரொசீடிங்ஸின் சான்றளித்த நகல்" என்று கேளுங்கள்.

படி 6: 'அழித்துவிட்டோம்' என்று வந்தால்

பென்ஷன் இல்லாமல் வந்தவர்களின் கோப்பை 25 வருடத்துக்குப் பிறகு விதிப்படி அழிப்பார்கள். பதற வேண்டாம். லாங் ரோல் என்ற பேரேடு அழிக்கப்படுவதில்லை. அதிலிருந்து எக்ஸ்ட்ராக்ட் கேளுங்கள். சேர்ந்த நாள், வெளிவந்த நாள், காரணம் ஆகியவற்றை அதில் பார்க்கலாம். 65 வயது தாண்டிய, பென்ஷன் இல்லாத ஹவில்தார் வரையிலானவர்களுக்கு, மத்திய அரசின் முன்னாள் படைவீரர் நல அமைப்பான கேந்திரிய சைனிக் போர்டு கொடுக்கும் வறுமை உதவித்தொகைக்கு முன்னாள் படைவீரர் என்று காட்டியாக வேண்டும். டிஸ்சார்ஜ் புக்கும் இல்லாதவர் இந்த எக்ஸ்ட்ராக்டோடு நல அலுவலகத்தில் போய்ப் பேசலாம்.

அழித்ததாகச் சொல்லும் கடிதத்தையும் பத்திரமாக வையுங்கள். பென்ஷன் கோரிக்கை மறுக்கப்பட்டு, சென்னையில் உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போக நேர்ந்தால், காகிதம் ஏன் உங்களிடம் இல்லை என்பதற்கு அதுவே ஆதாரம்.